வால் கீழே இருந்தது

ஸ்போக்கேன்
2 ஏப்ரல் 1985

ஹல்டா அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் பெயரை மட்டும் எழுதி அனுப்பியே ஒன்பது வருஷத்தை ஓட்டிவிட்டோம். இன்று நானே முதலில் எழுதுகிறேன். காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதனால்தான். வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே.

தேவாலயப் படியில் உறைபனி. வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுத்து ஆணி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் தனியாக இருக்கக் கூடாதாம். என் மகன் டேல் அவன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறான். நல்ல பிள்ளைதான். ஆனால் அவன் மனைவிக்கு நாய்முடி பட்டால் மூச்சு திணறும். ஆகவே எனக்கு இடம் இருக்கிறது, பட்டனுக்கு இல்லை.

பட்டன் என் நாய். நாலு வயது. மண் நிறம், கருப்பு மூக்கு, ஒரு காது மடங்கியிருக்கும். என்ன இனம் என்று கால்நடை மருத்துவரைக் கேட்டேன். "எல்லா இனமும்தாம்மா" என்று சிரித்தார்.

தெரிந்தவர்கள் எல்லாரையும் கேட்டாகிவிட்டது. மிஞ்சியது நீதான். என் முந்தைய நாயைச் சுட்டவளிடமே இந்த நாயையும் ஒப்படைக்கிறேன் என்றால் என் நிலைமையை நீயே பார்த்துக்கொள்.

பழையதைக் கிளறக் கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. என்னோடு உன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அந்த நாய், என் பைலட், கொயோட்டியை வரவழைக்க நீ ஊதிய ஊதலைக் கேட்டு, நிஜமாகவே முயல் அலறுகிறது என்று நம்பி ஓடினான். ஆட்டுக்குட்டி தூக்க வருகிற கொயோட்டி நரி என்று நினைத்து நீ சுட்டாய். அதுகூடப் போகட்டும். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "வால் கீழ இருந்துச்சு சிக்னி. கொயோட்டிதான் வாலைத் தொங்கப்போட்டு ஓடும், நாய் தூக்கிக்கிட்டு ஓடும். நான் நல்லாப் பார்த்தேன், கீழதான் இருந்துச்சு" என்றாயே, அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. பைலட் ஒரு நாளும் வாலைத் தொங்கப்போட்டவன் இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை. ஊதலையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு நீ கிளம்பும்போது பட்டனை வீட்டுக்குள் கட்டிவிட்டுப் போ. மற்றபடி உன் இஷ்டம்.

காலையில் வெண்ணெய் தடவின ரொட்டி ஒரு துண்டு கொடுத்தால் நாள் முழுக்க உன் பேச்சைக் கேட்பான். இடிச் சத்தத்துக்கு மேசைக்கு அடியில் போய்விடுவான், இழுக்காதே. டேல் ஒன்பதாம் தேதி கொண்டுவருவான்.

சிக்னி

*

ஹார்லோட்டன்
12 ஏப்ரல் 1985

அன்புள்ள சிக்னிக்கு,

உன் நாய் வந்து சேர்ந்தது. டேலின் காரில் இரண்டு தடவை வாந்தி எடுத்ததாம். எனக்கு அந்தக் கார் பிடிக்கவில்லை, நாய்க்கும் பிடிக்கவில்லை. அந்த வகையில் விவரமான நாய்தான்.

இடுப்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கும் இப்படித்தான் ஆயிற்று. ஆனால் அவள் வைத்தியரை ஏசிக்கொண்டே ஆறே வாரத்தில் நடந்தாள். நீயும் யாரையாவது ஏசு.

வெண்ணெய் ரொட்டி கொடுத்தாகிவிட்டது. கடைசியில் எனக்குத்தான் ரொட்டி இல்லாமல் போனது. நாய் வாசல் பக்கம் சாக்கில் படுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

ஆடுகள் குட்டி போடும் காலம் தொடங்கிவிட்டது. மேட்டுப் புல்லில் கொயோட்டி இப்போதே ஊளையிடுகிறது. ஆகவே ஊதலோடு வெளியே போகத்தான் போவேன். நாயைக் கட்டிவிட்டுத்தான் போவேன். நிபந்தனையை ஒரு தடவை சொன்னால் போதும், எனக்குக் காது கேட்கும்.

வாலைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் பேச்சை விடு.

ஹல்டா

*

ஸ்போக்கேன்
24 ஏப்ரல் 1985

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. "உன் நாய்" "உன் நாய்" என்று எழுதியிருக்கிறாய். அவனுக்குப் பெயர் இருக்கிறது.

இப்போது ஊன்றுகோல் வைத்து அறைக்குள் நடக்கிறேன். மருமகள் நல்ல பெண். ஆனால் உப்பு என்றால் விஷம் போலப் பார்க்கிறாள். சோறு உருளைக்கிழங்கு எல்லாம் மருந்துபோல இருக்கிறது. மடியில் படுக்க ஒன்றும் இல்லாமல் கை சும்மா கிடக்கிறது. பழக்கத்தில் போர்வையைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

டேல் ஒன்று சொன்னான். நீ காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாயாம், மேசையெல்லாம் ஓடியதாம், நீ கவனிக்கவே இல்லையாம். அவனை ஆர்னி என்று, காலமான உன் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாயாம், அவன் பேசின பிறகுதான் டேல் என்று தெரிந்துகொண்டாயாம். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

பட்டன் எப்படி இருக்கிறான்? கொஞ்சம் நீளமாக எழுது.

சிக்னி

*

ஹார்லோட்டன்
11 மே 1985

அன்புள்ள சிக்னி,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கோப்பை சின்னது. டேல் வாசலில் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றான், அப்படி நின்றால் யாரும் ஆர்னிதான்.

நீளமாக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

இந்த வருஷம்போல எந்த வருஷமும் இல்லை. ஒரு ஜோடி கொயோட்டி ஓடைக்கு அந்தப் பக்கம் குகை போட்டுக் குட்டி ஈன்றிருக்கிறது. தன் குட்டிக்கு ஊட்ட என் ஆட்டுக்குட்டிகளைத் தூக்குகிறது. தினமும் விடிந்தால் ஒன்று, சில நாள் இரண்டு. தொண்டையைக் கடித்து, வயிற்றை மட்டும் தின்றுவிட்டு, மிச்சத்தைக் காகத்துக்குப் போட்டுவிடுகிறது. தாய் ஆடு நாள் முழுக்க அதே இடத்தில் நின்று கத்துகிறது. கேட்டால் வயிறு எரிகிறது.

முயல் ஊதலுக்கு இந்த ஜோடி வரவே மாட்டேன் என்கிறது. பழைய கள்ளன்கள். எத்தனையோ ஊதல் கேட்டவை.

போன செவ்வாய் விடியற்காலை பட்டனை அடுப்பங்கரை மேசைக் காலில் கட்டிவிட்டுப் போனேன். சொன்னபடி செய்தேன். புதருக்கு முதுகு கொடுத்து, காற்று முகத்தில் படும்படி உட்கார்ந்து, இந்த முறை கொயோட்டி மாதிரியே ஊளையிட்டேன். "யாருடா என் எல்லையில்" என்று அந்த ஆண் கொயோட்டி கேட்டு வருகிற மாதிரி. பின்னால் ஏதோ மூச்சு வாங்குகிறது. திரும்பினால் உன் பிள்ளை, கழுத்தில் மென்று துப்பின கயிறு.

திட்டக்கூட முடியாது, வேட்டையில் மனுஷக் குரல் கேட்கக் கூடாது. அவனோ என்னைத் தாண்டி மைதானத்தில் ஓடினான், ஏதோ திருவிழாவுக்குப் போகிறவன் மாதிரி. எதிர் மேட்டில் கொயோட்டி எழுந்து நின்றது. குகைக்குப் பக்கத்தில் அந்நிய நாய் வந்தால் அதற்கு மானப் பிரச்சினை. பாய்ந்து வந்தது. பட்டன் அதைப் பார்த்தான், யோசித்தான், திரும்பி ஓட்டம் எடுத்தான். எங்கே ஓடுவான்? வெண்ணெய் ரொட்டி கொடுக்கிறவளிடம்தான். கொயோட்டிக்கு ஆத்திரத்தில் என்னைத் தெரியவே இல்லை. நாற்பது அடியில் வந்து நின்றது. பட்டன் என் மடியில் இருந்தான். சுட்டேன். விழுந்தது.

கொயோட்டியை இப்படி இழுத்து வருவதற்கென்றே நாய் வளர்ப்பவர்கள் உண்டு. பக்கத்து நிலத்து மெர்ல் அரசாங்கத்துக்கு முப்பது வருஷம் கொயோட்டி பிடித்தவர், அவரிடம் மூன்று இருக்கின்றன. செத்த கொயோட்டியை அவரிடம் காட்டப் போனேன்.

"என்ன ஹல்டா, மெத்தையில படுக்கிற நாயைக் கூட்டிக்கிட்டா வேட்டைக்குப் போன? அப்படியே அதுக்கு ஒரு தலையணையும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாமே!"

"உன் நாய் மூணும் சேர்ந்து இந்த வருஷம் என்னத்தைக் கிழிச்சுது? சொல்லு, கேட்டுக்கிறேன்."

"என் நாய்ங்க வேலை செய்யும்."

"என் நாய் ஓடி வந்து மடியில உட்காரும். அதுவே வேலைதான் மெர்ல், பார்த்துக்கோ."

"என் நாய்" என்று வாய் தவறி வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

ஆண் கொயோட்டி போய்விட்டது. பெண் இன்னும் இருக்கிறது, அதுதான் கெட்டிக்காரி. ஆகவே அன்றிலிருந்து பட்டனைக் கூடவே கூட்டிப் போகிறேன். முதுகில் ஆரஞ்சுத் துணி கட்டியிருக்கிறேன், ஒரு மைல் தூரத்துக்கு அடிக்கிற ஆரஞ்சு. அவன் மேல் ஒரு கீறல் கிடையாது. இதோ, மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

அன்புடன்
ஹல்டா

*

ஸ்போக்கேன்
17 மே 1985

ஹல்டா,

நீ எழுதினதை உட்கார்ந்துதான் படித்தேன். நிற்க முடியாதே.

நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பணம் கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. கட்டிவிட்டுப் போ என்றேன். முதல் தடவை அவன் கயிற்றைக் கடித்துக்கொண்டு வந்தான், சரி. இரண்டாம் தடவை? நீயே கூட்டிப் போனாய். கொயோட்டிக்கு முன்னால் என் நாயை ஓடவிட்டு, உன் துப்பாக்கிக்கும் அதற்கும் நடுவில் அவனை நிறுத்தி, அதைக் கதை மாதிரி சிரித்துச் சிரித்து எழுதுகிறாய். நானும் ஓரிடத்தில் சிரித்துவிட்டேன், அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம்.

டேல் ஜூன் முதல் சனிக்கிழமை வந்து பட்டனைக் கூட்டி வருவான். மருமகளோடு வேலை செய்கிற ஒருவருக்கு நாய் வேண்டுமாம். முன்பின் தெரியாதவர். நான் இனிமேல் பட்டனைப் பார்க்க முடியாமல்கூடப் போகலாம். ஆனால் உயிரோடு இருப்பான்.

அதுவரை அவனை வெளியே கூட்டிப் போகாதே. இதையாவது செய்.

சிக்னி

*

ஹார்லோட்டன்
23 மே 1985

அன்புள்ள சிக்னி,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ கேட்காமலே சொல்கிறேன். இதற்கு முன் எழுதின மூன்று காகிதம் அடுப்பில் போயிற்று.

சனிக்கிழமை விடியும்போது பட்டனோடு ஓடைப் பக்கம் உட்கார்ந்தேன். வெளிச்சம் மோர் மாதிரி இருந்தது. ஊளையிட்டேன். பெண் கொயோட்டி பதில் சொன்னது, கிட்டத்தில்தான். பட்டன் ஓடினான். வழக்கம்போல மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தான். நான் துப்பாக்கியைத் தூக்கிக் காத்திருந்தேன். இரண்டும் ஒன்றாக மேட்டைத் தாண்டி வந்தன.

ஆரஞ்சு இல்லை. முள்ளில் மாட்டிக் கிழிந்துபோயிருந்தது, பிறகுதான் பார்த்தேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே நிறத்தில் இரண்டு அழுக்குத் திட்டு. ஒன்று முன்னால், ஒன்று பின்னால், நடுநடுவே மாறி மாறி.

ஓடிவருகிற கொயோட்டியை நிறுத்த வேட்டைக்காரர்கள் நாங்களே நாய் மாதிரி ஒரு தடவை குரைப்போம். அது நின்று யார் என்று பார்க்கும், அப்போது சுட வேண்டும். குரைத்தேன். இரண்டும் நின்றன. இரண்டும் என்னைப் பார்த்தன. எது வால், எது கால், எனக்குத் தெரியவில்லை சிக்னி. எத்தனை தடவை கண்ணைச் சிமிட்டினாலும் தெரியவில்லை.

முப்பது வருஷத்தில் வேட்டையில் வாய் திறந்து பேசினவள் இல்லை நான். துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, "பட்டன், வாடா!" என்று கத்தினேன். ஒரு அழுக்கு திரும்பி ஓடிவிட்டது. ஒரு அழுக்கு என் முகத்தை நக்கியது.

அந்தப் பெண் கொயோட்டி இனிமேல் எந்த ஊதலுக்கும் வராது, மனுஷக் குரலைக் கேட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு குட்டி போயிற்று. மெர்ல் கேட்டார், "ஏன் சுடலை? கிட்டத்துல வந்துச்சுன்னு சொல்றியே, குருடியா நீ?"

ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இப்போது உனக்கும் சொல்கிறேன். என் கண்ணில் பால் ஊற்றினது மாதிரி இருக்கிறது. நடுப்பகலில் சமாளிப்பேன். விடியலிலும் அந்தியிலும் ஒன்றும் தெரியாது. பட்டனை நான் கூட்டிப் போனது கொயோட்டியைக் கிட்டத்தில் கொண்டுவருவான் என்பதற்காக மட்டும் இல்லை. அவன் காது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அங்கே துப்பாக்கியைத் திருப்புவேன். என் மடியில் அவன் உடம்பு விறைத்தால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். உன் நாயின் கண்ணால் வேட்டையாடிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பில்லிங்ஸிலிருந்து என் மகன் ரோல்ட் வந்து மந்தையை விற்கச் சொல்வான். சொன்னான் என்றால் அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கும், அதுதான் தாங்காது.

இது இந்த வருஷம் வந்ததும் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. அன்று பைலட் மேட்டைத் தாண்டி வந்தான். குரைத்தேன், நின்றான். எனக்கு ஒரு மண் நிறம் தெரிந்தது, அவ்வளவுதான். வால் கீழே இருந்தது என்று உன்னிடம் சொன்னேன். கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், நான் வாலைப் பார்க்கவே இல்லை. எனக்கு வால் தெரியவே இல்லை. கிட்டே போய்க் குனிந்த பிறகுதான் கழுத்துப் பட்டை தெரிந்தது. அங்கிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் அந்த வார்த்தையைத் தயார் செய்துகொண்டேன். கண் தெரியவில்லை என்று சொல்வதைவிட உன் நாய் மேல் பழி போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். இந்தச் சனிக்கிழமைவரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

தப்பு என்னுடையது. இதைச் சொல்ல ஒன்பது வருஷம் ஆனதும் தப்பு.

டேல் வரட்டும். பட்டனைக் குளிப்பாட்டி வைக்கிறேன். அவன் என் கட்டிலில்தான் படுக்கிறான், சாக்கில் ஒரு நாளும் படுக்கவில்லை. புது ஆட்களிடம் அதைச் சொல்லி அனுப்பு. தரையில் போட்டால் தூங்க மாட்டான்.

உன் அக்கா
ஹல்டா

*

ஸ்போக்கேன்
29 மே 1985

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். மருமகள் கதவைத் தட்டி, "அத்தை, விழுந்துட்டீங்களா?" என்று கேட்கிறாள். "இல்லம்மா, நல்லாத்தான் நிக்கிறேன்" என்றேன். அப்படி அழுதேன்.

பைலட் விஷயத்தை நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அது கடிதத்தில் முடிகிற விஷயம் இல்லை. எதிரில் உட்கார்ந்து உன்னை நாலு வார்த்தை கேட்க வேண்டும், நீ பதில் பேசாமல் கேட்க வேண்டும். உனக்கு அது கஷ்டம் என்று தெரியும். எனக்கும் ஒன்பது வருஷம் கஷ்டமாகத்தான் இருந்தது. அவன் வாலைத் தொங்கப்போட்டான் என்று நானே சில நாள் நம்பியிருக்கிறேன். ஏதோ பயந்து வந்திருப்பான், எனக்குத் தெரியாமல் போச்சே என்று என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் விட மாட்டேன்.

நாய் வேண்டும் என்றவருக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. டேல் சனிக்கிழமை வருகிறான். பட்டனைக் கூட்டிப்போக இல்லை. என்னைக் கொண்டுவந்து விட வருகிறான். இடுப்பு இன்னும் சரியாகவில்லை என்று மருத்துவர் கத்தினார். நீ சொல்லியிருந்தபடி, அம்மா மாதிரி நானும் ஏசினேன். கீழ் அறையைத் துடைத்து வை, என்னால் மாடி ஏற முடியாது. உப்பு வாங்கி வை.

இனி நான் சொல்வதைக் கேள். உன் கண்ணில் இருப்பது புரைதான் என்று டேல் சொல்கிறான். பால் ஊற்றினதுபோல என்று நீ எழுதினதை வைத்தே சொல்லிவிட்டான். அறுத்தால் போய்விடுமாம். பில்லிங்ஸில் கண் மருத்துவரிடம் ஜூன் பதினெட்டாம் தேதிக்கு உன் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறான். மெர்லுக்கு ஒரு சீட்டு எழுதிப் போட்டேன், அவர் வண்டி ஓட்டுவார். நீ ஓட்டக் கூடாது. ரோல்டுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. உன் மகன், உன் மந்தை. ஆனால் அறுத்து முடித்த பிறகு நீயே அவனிடம் சொல்.

கொயோட்டி காத்திருக்காது, எனக்குத் தெரியும். கண் சரியாகும்வரை தினமும் குட்டி சாகட்டும் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே நானும் வருகிறேன். அந்தப் புதருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடு, முதுகு உள்ள நாற்காலி. நீ ஊது. பட்டன் ஓடட்டும், ஊதலுக்கு வராத கொயோட்டியும் குகைப் பக்கம் அவனைப் பார்த்தால் வரும். எனக்கு அறுபத்தொன்று ஆனாலும் தூரத்து வேலிக் கம்பியில் உட்கார்ந்திருக்கிற குருவியைப் பார்த்துச் சொல்வேன்.

வேட்டையில் பேசக் கூடாது என்கிறாய். நான் பேசுவேன். பட்டன் எது, மற்றது எது என்று உன் காதில் சொல்வேன். என் கை உன் தோளில் இருக்கும். நான் "சுடு" என்று சொன்னால் சுடு. அந்த நேரத்தில் எனக்கு வாய் வராமல் போகலாம், அழுகை வந்துவிடலாம். நான் சொல்லாவிட்டால் சுடாதே.

உன் தங்கை
சிக்னி